ஓசி ஆயிலும் ஒரு மஞ்சள் கோடும்

"சார், உங்க வண்டிக்கு மூணாவது ஃப்ரீ சர்வீஸ் டியூ ஆயிடுச்சு சார். ஆயில் சேஞ்ச் முழுக்க இலவசம் சார். எப்ப வர்றீங்க சார்?"

கார் ஷோரூமிலிருந்து புவனா என்கிற பெண் ஒரே வாரத்தில் நான்காவது தடவையாகக் கூப்பிடுகிறாள். வெள்ளைச்சாமி முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு அப்போதுதான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இலவசமாகக் கொடுக்கிறவனுக்கு இவ்வளவு அவசரம் என்னத்துக்கு என்பதுதான் அவருக்குப் புரியவே இல்லை. மைன்ஸில் ஒரு கிரீஸ் டின் வேண்டுமென்றால் ஸ்டோருக்கு மூன்று நடை நடக்க வேண்டும், இங்கே ஆயிலை வைத்துக்கொண்டு வா வா என்று கூவுகிறார்கள்.

"திங்கக்கிழமை எனக்கு ஆஃப். அன்னைக்கு வாரேன். அதுக்குள்ள திரும்பக் கூப்பிடாதம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

"வர்றேன்னு சொல்லிட்டீங்கள்ல? அப்புறம் என்ன, சோத்தைத் தின்னுங்க" என்றாள் கமலா. முப்பது வருடமாக இந்த மனிதருடன் குடித்தனம் நடத்துகிறவள். அவருடைய எரிச்சலைச் சாம்பார் மாதிரி தினமும் பார்த்துப் பழகிவிட்டாள்.

வெள்ளைச்சாமிக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு நெய்வேலிக்கு வந்தவர், அன்று முதல் இன்று வரை மைன்ஸில் லூப்ரிகேஷன் செக்‌ஷன். மண்ணை வெட்டித் தள்ளுகிற அந்த ராட்சத பக்கெட் வீல் மெஷின்களின் கியர் பாக்ஸ்களுக்கு ஆயில் மாற்றுவது, சாம்பிள் எடுப்பது, பேரிங்குக்கு கிரீஸ் அடிப்பது, இதுதான் அவர் வேலை. அத்தனையும் கரண்டில் ஓடுகிற மெஷின்கள். "என் கை பட்ட கியர் பாக்ஸ் ஆயில் கொறஞ்சு நின்னதா ஒருத்தன் சொல்லட்டும்" என்பார். ஒருத்தனும் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு, அதை அவர் மறைத்ததும் இல்லை.

அந்த செக்‌ஷனில் ஒரு வழக்கம். எந்த போல்ட்டை முறுக்கினாலும், முறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்டால் ஒரே கோடாக இழுத்துவிட வேண்டும். போல்ட் ஒரு நூல் அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த ஷிஃப்ட்காரன் ஸ்பேனரை எடுக்க வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். வெள்ளைச்சாமிக்கு இந்தப் பழக்கம் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பதினெட்டாம் பிளாக்கில் அவர் குவார்ட்டர்ஸில் ஃபேன், குழாய், குக்கர் பிடி, கமலாவின் தையல் மெஷின் எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு இருக்கும். மகளின் கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவர்கள் கட்டிய கம்பி முடிச்சிலெல்லாம் கோடு இழுத்துவிட்டு வந்த மனிதர்.

கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அவருக்கு அதுதான் முதல் கார், கடைசிக் காரும் அதுதான். கமலாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியாது, பஸ்ஸில் படி ஏற முடியாது. அடுத்த வருடம் ரிட்டயர்மெண்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊர்ப்பக்கம் போக வேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு வண்டி வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமா? ஆகவே இந்த வண்டி இருவர் ஆயுசுக்கும் ஓடியாக வேண்டும். "எஞ்சினுக்கு அஞ்சு வருஷம் வாரண்டி. அது இருக்குற வரைக்கும் நீ கவலையே படாத" என்று கமலாவிடம் அடித்துச் சொல்லியிருந்தார். தன் சர்டிபிகேட்டுகளோடு அந்த வாரண்டிப் புத்தகத்தையும் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அந்த வாரண்டியோடுதான் இந்த இலவசத்தைக் கட்டிவைத்திருந்தான் ஷோரூம்காரன். மூன்று வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஆயில் மாற்றுவது இலவசம். ஆனால் அங்கேதான் மாற்ற வேண்டும். வெளியில் ஒருத்தன் ஆயில் போல்ட்டைத் தொட்டான் என்று தெரிந்தால் எஞ்சின் வாரண்டி அன்றோடு போச்சு. வேண்டாம் என்று சொல்லவும் முடியாத இலவசம்.

முதல் தடவை போனபோது கண்ணாடி ரூமில் உட்கார வைத்து மெஷின் காப்பி கொடுத்தார்கள். ஒர்க்‌ஷாப் பக்கம் போகலாமா என்று கேட்டதற்கு, கஸ்டமருக்கு அனுமதி இல்லை என்றார்கள். ஆயுசு முழுக்க ஆயில் மாற்றிய மனிதரை ஆயில் மாற்றுகிற இடத்துக்குள் விடமாட்டேன் என்றால் எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது அவருக்கு. போதாக்குறைக்கு இந்தப் புவனா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏசி கிளீனிங் பண்ணிடலாமா சார், எஞ்சின் ஃபிளஷ் பண்ணிடலாமா சார், அடியில கோட்டிங் அடிச்சிடலாமா சார் என்று காசு பிடுங்குகிற சமாச்சாரமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இரண்டாவது தடவை போய்வந்த ஒரு மாதத்தில், சும்மா ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் கறுப்பு! விரலில் தொட்டார், முகர்ந்தார், ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் காட்டிப் பார்த்தார். அவர் மாற்றுகிற ஆயில் ஒரு வருடம் கழித்தும் தேன் நிறத்தில் இருக்கும். இது ஒரே மாதத்தில் கரி மாதிரி ஆகிவிட்டது. மாற்றியிருந்தால்தானே!

"மாத்தவே இல்ல. பழச வச்சே மூடிட்டான்" என்று பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சிங்காரவேல் கேட்டான்: "ஏண்ணா, அந்த ஓசி ஆயிலுக்கும் சேத்துதான் கார் விலையில புடிச்சிகினு இருப்பான். போவாம வுட்டா உனக்குத்தான நட்டம்? போய்ட்டு வாயேன்."

"போகாம இருக்கேன்னு நான் எப்ப சொன்னேன்?"

"பின்ன எதுக்கு ஊரெல்லாம் திட்டிகினு திரியற?"

 அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே கிரேடு ஆயிலும் ஃபில்டரும் வாங்கிவந்து, வாசலில் காரை ஜாக்கியில் ஏற்றினார்.

"நாளைக்குத்தான ஷோரூம் போறோம்? இன்னைக்கு எதுக்கு மாத்துறீங்க?" என்றாள் கமலா.

"அவன் மாத்த மாட்டான். நான் மாத்திட்டா எஞ்சினுக்கு நல்ல ஆயில் ஆச்சு. நாளைக்குப் போயி அவன்கிட்ட எண்ட்ரி மட்டும் வாங்கிட்டு வந்துட்டா வாரண்டியும் ஆச்சு."

"ஒருவேளை அவங்க நெசமாவே மாத்திட்டா? இந்தப் புது ஆயில் வீணாப் போகுமே?"

"மாத்த மாட்டான்னு சொல்றேம்ல."

கமலா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் பழைய ஆயிலைப் பேசினில் இறக்கி, ஃபில்டரை மாற்றி, அடியில் ஆயில் இறக்குகிற போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு அளவாக முறுக்கி, புது ஆயிலை ஊற்றினார். எல்லாம் முடித்து அடியிலிருந்து நகர்ந்து வெளியே வருமுன், சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்து போல்ட்டின் குறுக்கே ஒரு மஞ்சள் கோட்டை இழுத்தார். இழுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கை அதுபாட்டுக்கு இழுத்துவிட்டது.

மறுநாள் காலை இருவருமாகப் போனார்கள். ஷோரூமிலிருந்து அப்படியே கடலூர் போய் டாக்டரிடம் கமலாவின் காலைக் காட்டுவதாகத் திட்டம். அதே கண்ணாடி ரூம், அதே மெஷின் காப்பி. புவனா வந்து கேட்டதற்கெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டினார். இரண்டு மணி நேரத்தில் வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாவியோடு ஜாப் கார்டையும் கொடுத்தாள் புவனா. எஞ்சின் ஆயில் மாற்றப்பட்டது, டிக். ஆயில் ஃபில்டர் மாற்றப்பட்டது, டிக்.

அவர் நினைத்தபடியே எல்லாம் நடந்துவிட்டது. எஞ்சினுக்குள் அவர் ஊற்றிய ஆயில், கம்ப்யூட்டரில் வாரண்டிக்கான எண்ட்ரி. கமலா ஏறி உட்கார்ந்து கதவையும் சாத்திவிட்டாள். சாவியைத் திருகிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நம்ம ஆளுக்கு அது போதுமா? தான் சொன்னது சரிதான் என்று கண்ணால் பார்த்தாக வேண்டுமே!

இஸ்திரி போட்ட சட்டையோடு, ஷோரூம் வாசல் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தார். ஃபோன் டார்ச்சை அடித்தார். போல்ட்டின் மேல் மஞ்சள் கோடு முந்தினநாள் சாயங்காலம் இழுத்தபடியே, ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது.

"மாத்தலடி! சொன்னேம்ல, மாத்தவே இல்ல!" என்று வண்டிக்கு அடியிலிருந்தே கத்தினார்.

"என்னங்க, டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கு. வாங்க போகலாம்" என்றாள் கமலா.

அவர் காதில் அது விழுந்தால்தானே. முதுகெல்லாம் மண்ணோடு நேரே உள்ளே போய், கண்ணாடி மேஜையில் ஜாப் கார்டை அடித்து வைத்தார். "மேனேஜரக் கூப்பிடு. ஓசின்னா எது வேணாலும் பண்ணலாமா? மாத்தாத ஆயிலுக்கு டிக் போடுறீங்க!" காப்பி குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவர் குரலை இன்னும் ஒரு படி ஏற்றினார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நிமிடம் அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மேனேஜர் ராஜ்மோகன் வந்தார். டை கட்டின மனிதர், அவசரமே இல்லாமல் பேசுகிறவர். கார் பக்கம் வந்து குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் கோட்டைப் பார்த்தார்.

"இது என்ன சார் மஞ்சள் கோடு?"

"போல்ட்ட அசைச்சா இந்தக் கோடு உடைஞ்சிரும். உடையல பாத்தீங்களா? அப்ப யாரும் கழட்டலன்னுதான அர்த்தம்?"

"கரெக்ட் சார். கோடு யார் போட்டது?"

"நான்தான். மைன்ஸ்ல எங்களுக்கு இதான் பழக்கம். போல்ட்ட டைட் பண்ணி முடிச்சதும்..." என்று ஆரம்பித்தவருக்கு அங்கேயே குரல் நின்றுபோனது.

"டைட் பண்ணி முடிச்சதும்?"

"டைட்டா இருக்கான்னு பாத்துட்டுப் போட்டேன். பாத்தேன், அவ்வளவுதான். தொடல" என்றார் வெள்ளைச்சாமி.

வாழ்க்கையில் ஒரு போல்ட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.  காருக்குள்ளிருந்து கமலா தன்னையே பார்ப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றார்.

ராஜ்மோகன் ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் அனுப்பினார். காருக்கு வேலை பார்த்த மெக்கானிக் வந்தான். விஜயராஜ் என்று சட்டையில் எழுதியிருந்தது. நாற்பது வயதிருக்கும். கையில் பாதி துடைத்த கிரீஸோடு வந்து நின்றவன், வெள்ளைச்சாமி கையிலிருந்த ஃபோன் டார்ச்சையும் அவர் முதுகு மண்ணையும் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

"இந்த வண்டிக்கு ஆயில் மாத்தினியா?"

"மாத்தலீங்க."

"அப்புறம் எப்படி டிக் போட்ட?"

"டிப் ஸ்டிக்க உருவிப் பாத்தங்க. ஆயிலு புத்தம் புதுசா இருந்திச்சி. ஃபில்டரும் புதுசு. நல்ல ஆயில எறக்கி வீணாக்குறதுக்கு மனசு வரல, வுட்டுட்டன்."

"ஆறு மாசம் ஓடின ஆயில் புதுசா இருந்துச்சா? என்கிட்ட கதை சொல்றியா? ஸ்டோர்ல இந்த வண்டி பேர்ல எடுத்த ஆயில் எங்க?"

"ராக்குலதாங்க வச்சிருக்கன். தொறக்கல."

"சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு வச்சிருக்கியா?"

விஜயராஜின் முகம் சட்டென்று இறுகிவிட்டது. "அந்த மாதிரியெல்லாம் பேசாதீங்க சார்" என்றான். 

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார் ராஜ்மோகன். பிறகு வெள்ளைச்சாமி பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க சார். ஒரே ஒரு கேள்வி, ரெக்கார்டுக்காக. நீங்க வெளியில எங்கேயும் ஆயில் மாத்தலையே?"

இல்லை என்று தலையாட்டினால் போதும். எஞ்சினுக்கு இன்னும் மூன்றரை வருட வாரண்டி. ரிட்டயர் ஆகி, சம்பளம் நின்று, ஊர்ப்பக்கம் மெக்கானிக் கூட இல்லாத இடத்தில் வண்டி நின்றுபோனால் கமலாவை எதில் ஏற்றிக்கொண்டு போவது? வெள்ளைச்சாமி விஜயராஜைப் பார்த்தார். அவன் கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. யாருக்கோ நடக்கிற விஷயம் மாதிரி கை துடைக்கிற துணியை மடித்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தாலாவது வெள்ளைச்சாமிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான்தான் மாத்துனேன்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார்: "நேத்து வீட்டுல வச்சு நானே மாத்துனேன். அந்த ஆள் சொல்றது நெசம். ஆயில் புதுசுதான்."

"எதுக்கு சார்?"

"போன தடவை நீங்க மாத்தின ஆயில் ஒரே மாசத்துல கறுத்துப்போச்சு. அதான் நம்பிக்கை இல்ல."

"போன தடவயும் நான்தாங்க மாத்துனன்" என்றான் விஜயராஜ். "கறுக்காம இருக்கறதுக்கு அது என்னா கியர் பாக்ஸ் ஆயிலாங்க? எஞ்சின்ல நெருப்பு எரியுது. அந்தக் கரிய இழுத்துகினு வர்றதுதான் ஆயிலோட வேல. கறுத்தாதான் அது ஒழுங்கா வேல செய்யுதுன்னு அர்த்தம்."

முப்பத்தாறு வருட சர்வீஸ் ஆளுக்கு, ஷோரூம் வாசலில், ஏழெட்டுப் பேர் பார்க்க இந்தப் பாடம். கியர் பாக்ஸையே பார்த்துப் பார்த்து, கரண்டு மோட்டாரில் ஓடுகிற மெஷினையே கட்டிக்கொண்டு அழுததில், எஞ்சினுக்குள் நெருப்பு என்று ஒன்று எரிவது அவர் மண்டைக்கு எட்டாமலே போய்விட்டது. அவமானத்தில் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ராஜ்மோகனுக்கு இப்போது முகத்தில் நிம்மதி. தப்பு ஷோரூம் பக்கம் இல்லை என்று ஆகிவிட்டதே. புவனாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வந்து, "சாரி சார், எஞ்சின் வாரண்டி கேன்சல் ஆகுது சார். ஃப்ரீ சர்வீஸ் பேக்கேஜும் கேன்சல் சார். இங்க ஒரு சைன் பண்ணுங்க சார்" என்றாள். விரலால் கையெழுத்துப் போட்டார். அது கோணல்மாணலாக வந்தது.

"அந்த ஆளோட வேலை?" என்று கேட்டார்.

"செய்யாத வேலைக்கு டிக் போட்டிருக்கான் சார், அதுக்கு மெமோ உண்டு. வேலைக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு ராஜ்மோகன் உள்ளே போய்விட்டார்.

வெள்ளைச்சாமி வண்டியில் ஏறினார்.  கமலா திட்டியிருக்கலாம், அது தனக்கு வர வேண்டியதுதான் என்று அவருக்கே தெரியும். "வாரண்டி போயிருச்சு" என்றார். "கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அவள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

கேட் பக்கம் வண்டியைத் திருப்பும்போது, ஒர்க்‌ஷாப் பக்கவாட்டுக் கதவருகே விஜயராஜ் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச்சாமி வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். மன்னிப்பு கேட்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தை அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை.

"தம்பி, எந்த ஊரு?" என்றார்.

"கம்மாபுரங்க. நாலு வருசம் மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல இருந்தன். பெல்ட் செக்‌ஷன். கான்ட்ராக்ட் முடிஞ்சி போச்சி, இங்க வந்துட்டன்." டீயை ஒரு மடக்குக் குடித்தான். "அந்த மஞ்சக் கோட்டப் பாத்ததுமே தெரிஞ்சிதுங்க, இது நம்ம மைன்ஸ்காரரு யாரோ செஞ்ச வேலன்னு. ஸ்டோர்ல குடுக்கறது சுமாரான ஆயிலு. உள்ள இருக்கறது அதவிட ஒசத்தி. அதான் தொடல."

"டிக் போடாம விட்டிருக்கலாமேப்பா. உனக்கு மெமோ வந்திருக்காதே."

"நான் டிக் போடலன்னா உங்க வாரண்டி போயிருங்களே" என்றான் விஜயராஜ்.

வெள்ளைச்சாமி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

விஜயராஜ் கிளாஸில் மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு, ஜன்னலருகே கொஞ்சம் குனிந்தான். அவன் கேட்டதில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"நீங்களே மாத்திகினு வந்துட்டு, நாங்க மாத்தலன்னு எதுக்குங்க சண்ட போட்டீங்க?"